நிழலுக்கு ஏற்ற கொடி எது?

ஆரணியில் நெசவாளர் தெரு ஒன்றில் நாங்கள் குடியேறிய ஆண்டு, என் தாயார் கொல்லைப்புறச் சந்தில் ஒரு மல்லிகைப் பதியனை நட்டார்கள். இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே 4 அடி அகலமுள்ள சந்து அது. தொழு உரம் இட்டார்கள், கழுநீர் ஊற்றினார்கள், வாரம் ஒருமுறை மண்ணைக் கொத்திவிட்டார்கள். செடியும் நன்றாகத்தான் வளர்ந்தது. தண்டுகள் நீண்டன, இலைகள் விரிந்தன. ஆனால், ஓராண்டு கழிந்தது, இரண்டாண்டு கழிந்தது, மூன்றாண்டுகள் ஆகியும் ஒரு மொட்டுக்கூட அரும்பவில்லை. "வீட்டில் மல்லிகை இருக்கும்போதே பூக்காரியிடம் முழம் போட்டு வாங்க வேண்டியிருக்கிறதே" என்பது அவர்களுடைய தீராத குறை.

அடுத்த வீட்டில் தறி நெய்யும் பெரியவர் ஒருநாள் சுவர் மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், செடி மேலே தப்பு ஒண்ணுமில்லே. பாவம், அதுக்கு வெயிலே விழறதில்லியே!"

கல்லூரியில் ஒளியியல் பாடம் நடத்துகிறவன் நான். லென்சுக்கும் ஆடிக்கும் கதிர்ப்படம் வரையும் நான், என் வீட்டுச் சந்தில் வெயில் எங்கே விழுகிறது என்று ஒருநாளும் வரைந்து பார்க்கவில்லை! அன்று மாலையே நூல்கண்டும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அங்கே கற்றுக்கொண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

நிழலான இடத்துக்குக் கொடி தேடுவோர் பலரும் முதலில் செடியின் பெயரைக் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "என் இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது? எந்த மாதத்தில், எந்த உயரத்தில் விழுகிறது?" என்பதே அது. இதற்கு விடை தெரிந்துவிட்டால் கொடியின் பெயர் தானே வந்துவிடும்.

கண் நல்ல அளவுகோல் அன்று

"எங்கள் கொல்லை நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கண் அப்படித்தான் சொல்லும். ஆனால், ஒளியை அளப்பதில் கண்ணை நம்பக்கூடாது.

ஒளிர்வை 'லக்ஸ்' என்னும் அலகால் அளக்கிறோம். உச்சிவெயிலில் வெட்டவெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். வெட்டவெளியிலேயே ஒரு சுவரின் நிழலில் அது சுமார் 10,000 லக்ஸாகக் குறைகிறது. குழல்விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான் உண்டு. வெயிலிலிருந்து அறைக்குள் வரும்போது ஒளி பல நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆயினும் ஓரிரு நிமிடங்களில் நாம் செய்தித்தாள் படிக்கத் தொடங்கிவிடுகிறோம். கண்ணின் பாவை விரிந்து கொடுக்கிறது. விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. இந்த வசதி நமக்கு உண்டு, இலைக்கு இல்லை. தன்மேல் விழும் ஒளியை வைத்துத்தான் அது சமைத்தாக வேண்டும்.

வரவும் செலவும்

ஒளி குறைந்தால் செடி ஏன் பூப்பதில்லை? ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போல இதைப் பார்க்கலாம்.

ஒளிச்சேர்க்கையால் இலை சர்க்கரையைத் தயாரிக்கிறது. இது வரவு. இரவும் பகலும் சுவாசித்து அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை எரிக்கிறது. இது செலவு. ஒளி குறையக் குறைய வரவு குறையும். செலவோ அந்த அளவுக்குக் குறையாது. ஒரு குறிப்பிட்ட ஒளியில் வரவும் செலவும் சமமாகிவிடும். இதைத் தாவரவியலார் 'ஒளி ஈடுசெய் புள்ளி' என்பர். அதற்குக் கீழே போனால் செடி தன் சேமிப்பைத் தின்று மெல்ல மடியும். அதற்குச் சற்று மேலே இருந்தால் சாகாது. ஆனால் செழிக்கவும் செழிக்காது. தறிக்கூலி அன்றாடச் சாப்பாட்டுக்கே சரியாகிவிட்டால் பண்டிகைக்குப் புதுத்துணி எடுப்பது எப்படி? எங்கள் மல்லிகையின் கதையும் அதுதான். இலைவிட வரவு இருந்தது. பூப்பதற்கு மிச்சம் இல்லை.

இந்த ஈடுசெய் புள்ளி எல்லாச் செடிகளுக்கும் ஒன்றன்று. வெயிலில் வாழப் பழகிய செடிகளின் இலை தடிப்பானது. பச்சையம் நிறைந்த வேலிக்கால் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். வரவு மிகுதி, செலவும் மிகுதி. காட்டு மரங்களின் அடியில் வாழப் பழகிய செடிகளின் இலை மெல்லியது, அகன்றது. செலவு மிகக் குறைவு. சிறிதளவு ஒளியே போதும். மல்லிகை முதல் வகை. வெற்றிலை இரண்டாம் வகை. முதல் வகையைக் கொண்டுபோய் இருட்டில் நடுவதும், இரண்டாம் வகையைச் சித்திரை வெயிலில் நிறுத்துவதும் ஒரே தவறின் இரு பக்கங்களாகும்.

சந்தில் வெயில் எப்போது விழுகிறது?

இனி எங்கள் சந்துக்கு வருவோம். அது கிழக்கு மேற்காக நீண்டது. தென்புறத்தில் ஒரு சுவர், வடபுறத்தில் ஒரு சுவர். இரண்டும் 12 அடி உயரம். இடையே 4 அடி.

ஆரணியின் அட்சரேகை ஏறத்தாழ 12.7° வடக்கு. சூரியன் டிசம்பர் 21ஐ ஒட்டி 23.4° தெற்கு வரை செல்கிறது. அன்று நண்பகலில் அது தெற்கு வானில் அடிவானத்திலிருந்து சுமார் 54° உயரத்தில் நிற்கும். அப்போது தென்புறச் சுவரின் நிழல் 8¾ அடி நீளும். சந்தின் அகலமோ 4 அடிதான். ஆகவே தரை முழுதும் நிழல். வடபுறச் சுவரிலும் தரையிலிருந்து 6½ அடிக்கு மேலேதான் வெயில் படும்.

ஜூன் 21இல் நிலைமை தலைகீழ். சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. நண்பகலில் வடக்கு வானில் 79° உயரத்தில் நிற்கும். அப்போது வடபுறச் சுவர்தான் நிழல் தரும். நிழலின் நீளம் 2¼ அடி. மீதமுள்ள 1¾ அடி தரையிலும், தென்புறச் சுவரின் உள்முகம் முழுதும் வெயில் படும்.

ஆரணியில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 19 ஆகிய நாள்களை ஒட்டி. இந்த இரு நாள்களுக்கு இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதமும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. மற்ற எட்டு மாதமும் தெற்கிலிருந்து வருகிறது. இதே கணக்கைத் தொடர்ந்தால், அக்டோபர் இரண்டாம் வாரம் முதல் மார்ச் முதல் வாரம் வரை, ஏறத்தாழ ஐந்து மாதம், எங்கள் சந்தின் தரையில் நண்பகல் வெயில் ஒரு சொட்டும் விழாது என்று தெரிகிறது.

என் தாயார் மல்லிகையை நட்டது வடபுறச் சுவரின் அடியில். அந்த இடத்துக்கு ஐந்து மாதம் தென்புறச் சுவர் நிழல். நான்கு மாதம் வடபுறச் சுவரே நிழல். ஆண்டில் இரண்டு துண்டாக, மொத்தம் சுமார் 100 நாள் மட்டுமே நண்பகல் வெயில். மல்லிகை பூத்துக் குலுங்க வேண்டிய கோடை மாதங்களில் அங்கே நிழல்! நான்கு அடி தள்ளி எதிர்ச் சுவரின் அடியில் நட்டிருந்தால், அதே கோடையில் நண்பகல் வெயில் அதன்மேல் விழுந்திருக்கும். மூன்றாண்டு உழைப்பு வீணானது இந்த நான்கு அடியால்தான்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கிலாந்தில் எழுதப்பட்ட தோட்டக்கலை நூல்கள், "வடக்கு நோக்கிய சுவர் எப்போதும் நிழலானது, அங்கே நிழல்கொடியை நடுக" என்று சொல்லும். இலண்டன் 51.5° வடக்கில் உள்ளது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுதும் தெற்கிலேயே இருக்கிறது. ஆகவே அங்கு அது சரி. நமக்கு அது பொருந்தாது. கன்னியாகுமரியிலிருந்து ஆரணி வரை எந்த ஊரிலும் வடக்கு நோக்கிய சுவர், கோடையின் நடுவில் நல்ல வெயில் பெறும். அங்கே நட்ட மெல்லிய இலைக்கொடி கருகிப்போனால் நூலைக் குறைசொல்லிப் பயனில்லை. அட்சரேகையைப் பார்க்காதது நம் குறை.

ஏறினால் எவ்வளவு லாபம்?

நேர்வெயில் இல்லாத நேரத்திலும் வானத்திலிருந்து சிதறிய ஒளி வந்துகொண்டுதான் இருக்கிறது. அது எவ்வளவு என்பது, அந்த இடத்திலிருந்து வானம் எவ்வளவு தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சந்தின் நடுவில் தரையில் படுத்துக்கொண்டு மேலே பாருங்கள். ஒரு நீண்ட நாடாவைப் போலத்தான் வானம் தெரியும்.

வானம் எங்கும் ஒரே சீராக ஒளிர்வதாகக் கொண்டு, சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியைச் சேர்க்காமல் கணக்கிட்டேன். மொட்டைமாடியில் கிடைக்கும் வானொளியை 100 என்று வைத்துக்கொண்டால், சந்தின் தரையில் கிடைப்பது 16 மட்டுமே. 6 அடி உயரத்தில் அது 32 ஆகிறது. 9 அடி உயரத்தில் 55. 12 அடி உயரத்தில், சுவர் முடியுமிடத்தில், முழுதும் 100. முதல் 6 அடி ஏறக் கிடைத்த ஆதாயம் 16. கடைசி 3 அடி ஏறக் கிடைப்பதோ 45!

கொடிகள் ஏன் ஏறுகின்றன என்பதற்கு இந்த எண்களே விடை. மரம் தன் உடலைத் தாங்கத் தடித்த அடிமரத்தைக் கட்ட வேண்டும். அதற்குப் பல ஆண்டு வருமானம் செலவாகும். கொடியோ அந்தச் செலவை மிச்சப்படுத்தி, பிறர் தோளில் ஏறி ஒளியை எட்டுகிறது. பற்றுக்கோடு கிடைக்காத முல்லைக்குப் பாரி தன் தேரையே கொடுத்தான் என்று சங்கப் பாடல்களால் அறிகிறோம். கொழுகொம்பு இல்லாத கொடிக்கு நேரும் இழப்பு எத்தகையது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

சுவரை வெள்ளையடிப்பதும் ஒளியைக் கூட்டும் வழியே. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பாசி படர்ந்து கறுத்த சுவர் அதை விழுங்கிவிடுகிறது. ஒரு வாளிச் சுண்ணாம்பு, பல மூட்டை உரம் செய்யாத வேலையைச் செய்யக்கூடும்.

சுவர் நிழலும் மர நிழலும் ஒன்றா?

இரண்டும் நிழல்தானே என்று எண்ணலாம். இயற்பியல் நோக்கில் அவை வெவ்வேறு.

சுவரின் நிழலில் விழுவது பெரும்பாலும் நீலவானின் ஒளி. அதன் அளவு குறைந்திருக்கிறதே தவிர, செடிக்கு வேண்டிய நிறங்கள் அதில் உள்ளன. மரத்தின் நிழலில் விழுவதோ இலைகளால் வடிகட்டப்பட்ட ஒளி. இலையிலுள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் முன்னரே உறிஞ்சிவிடுகிறது. பச்சையில் ஒரு பங்கும், நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத 'தொலைச் சிவப்பு' ஒளியும்தான் கீழே வருகின்றன. பிறர் பிழிந்தெடுத்த கரும்புச் சக்கையைப் போன்றது இது.

செடிகளுக்கு இந்த வேறுபாடு தெரியும். அவற்றினுள் 'ஃபைட்டோகுரோம்' என்ற நிறமி உள்ளது. அமெரிக்க ஆய்வாளர்கள் 1959இல் இதை இனங்கண்டனர். சிவப்புக்கும் தொலைச் சிவப்புக்கும் உள்ள விகிதத்தை இது உணர்கிறது. தொலைச் சிவப்பு மிகுந்தால், "மேலே வேறொரு செடி நம்மை மறைக்கிறது" என்று வெயில்விரும்பிச் செடிகள் அறிந்துகொண்டு, கிளைப்பதை விட்டு, ஒல்லியாக மேல்நோக்கி ஓடுகின்றன. வேப்பமரத்தடியில் நட்ட அவரை, நூலிழை போல நீண்டு நோஞ்சானாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எனவே ஒரே அளவு இருள் என்றாலும், மர நிழலைவிடச் சுவர் நிழல் கொடிகளுக்குச் சற்று இரக்கமானது எனலாம்.

பிடிக்கும் விதம் சொல்லும் சேதி

எந்தக் கொடி நிழலைத் தாங்கும் என்பதை அது ஏறும் விதமே ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

கொடிகள் ஏறும் விதங்களை முறையாக ஆராய்ந்தவர் சார்லஸ் டார்வின். 1865இல் இதுபற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1875இல் அது நூலாக வந்தது. ஒரு ஹாப் கொடியைத் தொட்டியில் வைத்துத் தம் அறையிலேயே இரவும் பகலும் கவனித்தார். அதன் நுனி வெப்பமான பகல்வேளையில் சராசரியாக 2 மணி 8 நிமிடத்துக்கு ஒருமுறை வட்டமிட்டுக் கொழுகொம்பைத் தேடியது!

நம் ஊர்க் கொடிகளை இவ்வாறு வகுக்கலாம். தண்டாலேயே சுற்றி ஏறுபவை சங்குப்பூ, அவரை, கொடிப்பசலை. பற்றுக்கம்பியால் பிடிப்பவை பாகல், புடலை, பீர்க்கு, கோவை, பிரண்டை. இலைநுனியையே கம்பியாக்கிப் பிடிப்பது நம் மாநில மலரான செங்காந்தள். முள்ளால் தொற்றிச் செல்பவை காகிதப்பூவும் தூதுவளையும். கணுக்களில் வேர்விட்டு ஒட்டிக்கொள்பவை வெற்றிலை, மிளகு, மணி பிளான்ட்.

இவற்றுள் பற்றுக்கம்பிக் கொடிகளும் முட்கொடிகளும் பெரும்பாலும் புதர்களின் மேற்புறத்தில், வெயிலில் படர்பவை. வேரால் ஒட்டுபவையோ அடர்ந்த காட்டில் பெருமரங்களின் அடிமரத்தை அணைத்து ஏறுபவை. நிழல் அவற்றுக்குப் பிறந்த வீடு. தென்புறச் சந்தோ வடபுறச் சந்தோ, இருண்ட இடத்துக்குக் கொடி தேடுவோர் முதலில் இந்த வகையைப் பார்ப்பது நல்லது.

இவற்றில் ஒரு விந்தையும் உண்டு. மான்ஸ்டெரா என்ற அமெரிக்கக் காட்டுக்கொடியின் நாற்று, முளைத்ததும் வெளிச்சத்தை நோக்கிப் போவதில்லை. இருட்டை நோக்கித் தரையில் ஊர்கிறது! கோஸ்டாரிக்கா நாட்டுக் காட்டில் ஸ்ட்ராங், ரே என்ற இரு அறிவியலாளர்கள் இதைக் கண்டு 1975இல் வெளியிட்டார்கள். காட்டில் மிகவும் இருண்டு தெரிவது அருகிலுள்ள பெரிய அடிமரம்தான். இருட்டை நோக்கிச் சென்றால் மரம் கிடைக்கும். மரம் கிடைத்தபின் அதன்மேல் ஏறினால் ஒளி கிடைக்கும். இருளின் வழியே ஒளிக்குச் செல்லும் இந்தத் தந்திரத்தை என்னென்பது!

எந்த இடத்துக்கு எந்தக் கொடி?

இடத்தை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நண்பகலில் ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் வையுங்கள். ஓர் அடி உயரத்தில் உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். விரல்கள் கூர்மையாகத் தெரிந்தால் அது வெயில். நிழல் மங்கலாக, ஆனால் கை என்று தெரிகிறபடி இருந்தால் அது இடைநிழல். நிழலே விழவில்லை என்றால் அது அடர்நிழல். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். துல்லியம் போதாவிட்டாலும் இரண்டு இடங்களை ஒப்பிட உதவும்.

அடர்நிழலுக்கு: மணி பிளான்ட் ஒன்றே நம்பகமானது. தொங்கவிட்டால் இலை சிறுக்கும். கம்பத்தில் ஏற்றினால் இலை பெருக்கும். மஞ்சள் வரி உள்ள வகையை மிகவும் இருண்ட இடத்தில் வைத்தால் வரி மங்கிப் பச்சையாகிவிடும். இதன் சாறு வாயில் பட்டால் எரிச்சல் தரும். குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடைநிழலுக்கு: நம் மண்ணின் கொடியான வெற்றிலைக்கு ஈடில்லை. கொடிக்கால் விவசாயிகளைப் பாருங்கள். அவர்கள் வெறும் நிலத்தில் வெற்றிலையை நடுவதில்லை. முதலில் அகத்தியை வரிசையாக வளர்க்கிறார்கள். அது நிழலும் தருகிறது, கொழுகொம்பும் ஆகிறது. நிழல் மிகுந்தால் அகத்தியின் கிளையைக் கழித்து ஒளியைத் திருத்துகிறார்கள். லக்ஸ் மீட்டர் இல்லாத காலத்திலேயே ஒளியை அளந்து கொடுத்தவர்கள் அவர்கள்! 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர், சோழவந்தான் வெற்றிலைகளின் பின்னணியில் இந்த அறிவு இருக்கிறது. வீட்டுச் சந்தில் கோடையின் வறண்ட காற்று நேராக வீசாது. அதுவும் வெற்றிலைக்கு நன்மையே. கணுக்கள் உள்ள தண்டுத்துண்டை நட்டு, ஈரம் காயாமல், ஆனால் நீர் தேங்காமல் காத்தால் போதும். கொடிப்பசலையும் தண்ணீர்விட்டான் கிழங்கும் இடைநிழலைப் பொறுத்துக்கொள்ளும். மிளகும் நிழல்கொடிதான், கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் காய்க்கிறது. ஆனால் அதற்குக் குளிர்ந்த ஈரக்காற்று வேண்டும். ஆரணியின் சித்திரை மாதம் அதற்கு ஒத்துவராது. ஒளி மட்டுமே எல்லாம் ஆகிவிடாது என்பதற்கு மிளகு ஒரு சான்று.

கால் நிழலில், தலை வெயிலில் இருக்கும் இடத்துக்கு: முல்லை, ரங்கூன் மல்லி, சங்குப்பூ, செங்காந்தள். கீழே வேர் குளிர்ச்சியாக இருக்க, கயிற்றில் ஏறி மாடிச் சுவரை எட்டியதும் இவை படர்ந்து பூக்கும். ரங்கூன் மல்லி மாலையில் வெண்மையாக மலர்ந்து, பின் இளஞ்சிவப்பாகி, சிவந்து முடியும் அழகு கண்கொள்ளாக் காட்சி. செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு. குழந்தைகளும் ஆடுமாடுகளும் உலவும் வீட்டில் அது வேண்டாம்.

வெயில் மட்டுமே விரும்புபவை: குண்டு மல்லிகை, காகிதப்பூ, பாகல், புடலை, பீர்க்கு. நிழலில் இவற்றை நடுவது வீண் முயற்சி.

தறியா, கொடியா?

மல்லிகையின் குறையைச் சொன்ன பெரியவர் வீட்டிலும் ஒரு சிக்கல் இருந்தது. பட்டு நெசவுக்கு ஈரம் வேண்டும். முற்றிலும் உலர்ந்த 100 கிராம் பட்டு, மிதமான ஈரமுள்ள காற்றில் ஏறத்தாழ 11 கிராம் நீரை உள்வாங்கி வைத்துக்கொள்கிறது. காற்று வறண்டால் இந்த ஈரம் போய், இழை முறுக்கேறி அறுபடும். குழித்தறி தரையை ஒட்டி இருப்பதன் பயனும் இதுவே. மண்ணின் ஈரம் பாவுக்குக் கிடைக்கிறது. ஆகவே அறை சூடாகாமல் இருக்க, தறிக்கு எதிரேயுள்ள ஜன்னலின் வெளிப்புறத்தில் பெரியவர் பீர்க்கம்பந்தல் போட்டிருந்தார்.

பந்தல் அடர்ந்தது. அறை குளிர்ந்தது. ஆனால், நண்பகலிலும் விளக்குப் போட வேண்டியதாயிற்று. "ஜரிகை இழை கண்ணுக்குத் தெரியலே சார். அறுந்த இழையைச் சேர்க்கறதுக்குள்ளே அரைப் பொழுது போயிடுது" என்றார். பந்தலைப் பிரித்துவிட்டால் வெக்கை, விட்டுவைத்தால் இருட்டு.

"ஐயா, வெக்கை எந்தப் பக்கத்துச் சுவரில் இருந்து வருகிறது, தொட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். மாலை நான்கு மணிக்கு இருவருமாகச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தோம். கொதித்தது மேற்குச் சுவர். ஜன்னல் இருந்த வடக்குச் சுவர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. வடக்கு ஜன்னலிலிருந்து வருவது பெரும்பாலும் வானொளி. கண்ணைக் கூசாத, நிழல் விழாத ஒளி. நெசவுக்கு அதைவிட நல்ல ஒளி கிடையாது. அதைத்தான் பந்தல் மறைத்துக்கொண்டிருந்தது!

அடுத்த பருவத்தில் பந்தல் மேற்குச் சுவருக்கு மாறியது. சுவரிலிருந்து அரையடி தள்ளி மூங்கில் தட்டி கட்டி, அதில் பீர்க்கை ஏற்றினார். அங்கே பிற்பகல் வெயில் நேராக விழுவதால் பீர்க்குக்கும் கொண்டாட்டம். இலைகள் வெயிலைத் தடுக்கின்றன. அத்துடன் நீராவிப்போக்கும் குளிர்ச்சி தருகிறது. ஒரு லிட்டர் நீர் இலைகளிலிருந்து ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. 1,000 வாட் மின்னடுப்பு 40 நிமிடம் எரிந்தால் வரும் வெப்பம் அது. அந்த வெப்பம் சுவருக்குள் போகாமல் நின்றுவிடுகிறது. ஜன்னலுக்கு ஒளி திரும்பியது. பகலில் விளக்கு அணைந்தது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். வேரால் ஒட்டும் கொடிகளைப் பழைய மண்சுவரிலும் சுண்ணாம்புச் சுவரிலும் நேராக ஏற்றாதீர்கள். பிய்த்தெடுக்கும்போது பூச்சும் சேர்ந்து வந்துவிடும். தேங்காய்நார்க் கயிறு சுற்றிய தனிக் கம்பம் நடுங்கள். அடுத்து, பட்டின் பசைநீக்கச் சோப்பும் சோடாவும் சேர்த்து வேகவைத்த நீரையும், சாயநீரையும் கொடிக்கு ஊற்றாதீர்கள். காரம் ஏறிய மண்ணில் வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை வெளுத்துவிடும்.

நீங்களும் செய்து பாருங்கள்

மாணவர்களே, உங்கள் வீட்டுக் கொல்லையின் படத்தை ஒரு தாளில் வரையுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை இரண்டு மணிக்கு ஒருமுறை, வெயில் விழும் பகுதியைப் படத்தில் கோடிட்டுக் குறியுங்கள். ஓராண்டில் 12 படங்கள் சேரும். அடுக்கிவைத்துப் பார்த்தால் சூரியன் வடக்கும் தெற்குமாக நடந்துபோவது உங்கள் வீட்டுத் தரையிலேயே தெரியும். புத்தகத்தில் படித்த உத்தராயணமும் தட்சிணாயனமும் அன்று உங்களுக்குச் சொந்தமாகும். எந்தச் செடியை எங்கே நடுவது என்று அக்கம்பக்கத்தார் உங்களிடம் யோசனை கேட்க வந்தாலும் வியப்பில்லை.

எங்கள் சந்தில் இப்போது வடபுறச் சுவரை ஒட்டிய கம்பத்தில் வெற்றிலை ஏறியிருக்கிறது. தென்புறச் சுவரின் அடியில் நட்ட முல்லை, கயிற்றைப் பிடித்து 12 அடி ஏறி, மொட்டைமாடியில் படர்ந்திருக்கிறது. குண்டு மல்லிகையை வேரோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்து மாடிக்குக் கொண்டுபோனோம். அடுத்த கோடையில் அது அரும்பியது. முதல் நாள் கிடைத்தவை ஏழே பூக்கள். என் தாயார் அவற்றைத் தொடுக்கவில்லை. ஒரு தட்டில் வைத்து, சுவரோரம் நின்று, அடுத்த வீட்டுப் பெரியவருக்குக் காட்டினார்கள்.